மண்ணுல உயிர் குறைஞ்சா எங்கேர்ந்து பாக்கணும்? வேலூர் பக்கத்து நிலத்துக்கு, அறிகுறி வாரியா

கே.வி.குப்பம் பக்கம் எங்களுக்கு மேட்டுல ரெண்டு ஏக்கர் கொல்லை, அதுல மல்லாட்டை (வேர்க்கடலை), கீழ ஒரு காணி கழனி, கிணத்தடியில கொஞ்சம் கத்திரி. உரமும் எருவும் தப்பா போட்டு மண்ணைக் கெடுத்து அப்புறம் நானே சரி பண்ணியிருக்கேன், சொந்தக்காரங்க நிலத்துலயும் திரும்பத் திரும்ப அதே தப்பைப் பாத்திருக்கேன். அதனால யாரு போன் பண்ணி "மண்ணு செத்துப்போச்சுப்பா, இன்னா வாங்கிப் போடலாம்"ன்னு கேட்டாலும் நான் சொல்றது ஒண்ணுதான். இப்ப ஒண்ணும் வாங்காதீங்க, மண்வெட்டி எடுத்துகினு நிலத்துக்குப் போங்க. முக்காவாசி நேரம் காரணம் காசு செலவில்லாம சரி பண்ற மாதிரிதான் இருக்கும், ஆனா தோண்டிப் பாக்காம அது தெரியாது.

கையில வேண்டியது மண்வெட்டி, ஒரு பக்கெட் தண்ணி, பழைய வெள்ளைச் சாக்கு, ரெண்டு முழம் நீளத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. உங்க நிலத்துல எது தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க.

அறிகுறி 1: எங்க தோண்டினாலும் மண்புழு இல்ல

எப்ப தோண்டினீங்க? சித்திரை வைகாசியில, 40 டிகிரி வெயில்ல தோண்டிட்டு புழு இல்லன்னு பயந்து போன் பண்றவங்கதான் அதிகம். அப்போ புழு ஆழத்துல ஈரம் தேடிப் போய் சுருண்டு படுத்திருக்கும், மேல வராது. புரட்டாசி ஐப்பசியில நல்ல மழை ஒண்ணு பேஞ்சு ரெண்டு நாள் கழிச்சு காலையில போங்க. ஒரு அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை அப்படியே வெட்டி எடுத்து சாக்குல கொட்டி கையால உதுத்து எண்ணுங்க. வரப்போரம் வேணாம், நடு நிலத்துல நாலு இடம். பத்துக்கு மேல இருந்தா ரொம்ப நல்ல மண்ணு. மானாவாரி செவல் மண்ணுல நாலஞ்சு இருந்தாலே நான் சந்தோஷப்படுவேன். இன்னொரு அடையாளம், ஏர் ஓட்டும்போது பின்னாடியே கொக்கும் மைனாவும் கரிச்சானும் வருதான்னு பாருங்க, அதுங்களுக்குத் தெரியும் எந்த மண்ணுல இருக்குன்னு.

தண்ணி கட்டி வச்ச கழனியில எண்ணாதீங்க, சேத்துல மண்புழு இல்லாதது நோய் இல்ல.

சரி, மழை நாள்லயே இல்லன்னா, இந்த வரிசையில பாருங்க.

மொதல்ல தீனி. அறுத்த தாளைக் கொளுத்தறீங்களா, மல்லாட்டைக் கொடியை ஒண்ணு விடாம மாட்டுக்கு எடுத்துகினு போயிடறீங்களா, எரு போட்டு எத்தனை வருஷம் ஆச்சு? புழு யூரியா தின்னாது, மக்கின தழையைத்தான் தின்னும். உரம் மட்டுமே வாங்கற நிலத்துல புழு பட்டினியில போகுது, பலபேர் நெனைக்கற மாதிரி விஷத்துல போறது அதுக்கு அடுத்துதான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல 1909லேர்ந்து ஒரே வயல்ல உரம் தனியா, எரு தனியா, ரெண்டும் சேத்துன்னு போட்டுப் பாத்துகினே இருக்காங்க. ரெண்டும் சேந்த பாத்தியிலதான் மண்ணோட அங்ககக் கரிமம், அதாவது மக்கின தழையும் எருவும் மண்ணுல விட்டுட்டுப் போற கார்பன், நல்லா நிக்குது. அதனால உரத்தையே தொடக்கூடாதுன்னு சொல்றவங்க கூட எனக்கு ஒத்துப் போகாது, உரம் ஒண்ணே போதும்னு சொல்றவங்க கூட சுத்தமா ஒத்துப் போகாது. ஏக்கருக்கு 5 டன் மக்கின எருன்னு சிபாரிசு இருக்கு. அவ்ளோ கிடைக்கலன்னா நிலத்தை நாலா பிரிச்சு வருஷம் ஒரு பங்குக்கு முழுசா போடுங்க, இல்லன்னா ஆட்டுக்கிடை கட்டுங்க, இல்லன்னா ஏரி வண்டல் அடிச்சு, பசுந்தாள் பயிர் விதைச்சு மடக்கி உழுங்க.

ரெண்டாவது யூரியா போடற விதம். 45 கிலோ மூட்டையில கிட்டத்தட்ட 21 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), அது கரைஞ்சதும் அமோனியாவா மாறும், ஒரே இடத்துல குவிஞ்சா அங்க இருக்கற புழுவையும் நுண்ணுயிரையும் சுட்டுடும். காஞ்ச மண்ணு மேல மூட்டையை ஒரே வாட்டியில எறிஞ்சுட்டு நாலு நாள் கழிச்சு தண்ணி விடறாங்க பாருங்க, அதுல பாதிக்காசு காத்துல போவுது, மீதி மண்ணைச் சுடுது. ஈரம் இருக்கும்போது, ரெண்டு மூணு தவணையா, பரவலா போட்டு மண்ணைத் தள்ளி மூடுங்க. எப்படி கண்டுபிடிக்கறது? போட்ட மறுநாள் காலையில குனிஞ்சு மோந்து பாருங்க, மூக்குல ஏறுதுன்னா அதிகம்.

மூணாவது ரோட்டவேட்டர். பருவத்துக்கு ரெண்டு மூணு வாட்டி ஓட்டினா புழுவும் துண்டாகும், அது போட்ட வளையும் போகும். ஒரு வாட்டி போதும், மத்ததுக்கு கலப்பை.

நாலாவது குருணை மருந்து. போரேட் இப்ப தடை, கார்போபியூரான் மண்புழுவுக்கு ரொம்பக் கொடுமையானது. போன ரெண்டு வருஷத்துல எது போட்டீங்கன்னு நெனைச்சுப் பாருங்க. போட்டிருந்தா நிறுத்தறதும் எரு குடுத்துட்டுக் காத்திருக்கறதும்தான் வழி.

இதுல பலபேர் பண்ற செலவு ஒண்ணு, மண்புழு உரம் தயாரிக்கற புழுவை கிலோ கணக்குல வாங்கியாந்து நிலத்துல விடறது. செய்யாதீங்க. அது குப்பையில வாழற ஜாதி, வெறும் மண்ணுல பொழைக்காது. நம்ம ஊர் மண்ணோட புழு, எங்க தாத்தா நாங்கூழுன்னு சொல்லுவாரே அது, வரப்போரத்துல மிச்சம் இருக்கும். தீனி குடுத்தா அதுவே வரும்.

மூணு பருவம் எரு போட்டும் வரலன்னா மண் பரிசோதனைக்குப் போங்க, அறிகுறி 7 பாருங்க.

அறிகுறி 2: மல்லாட்டை வேர்ல முடிச்சு இல்ல, இல்லன்னா முடிச்சு இருந்தும் செடி வெளிறிக் கிடக்கு

செடியைப் பிடிச்சு வெடுக்குன்னு இழுக்காதீங்க, முடிச்செல்லாம் மண்ணுலயே அறுந்து நின்னுடும். 35, 40 நாள் செடியை மண்ணோட தோண்டி எடுத்து பக்கெட் தண்ணியில அலசுங்க. காத்துலேர்ந்து தழைச்சத்து எடுத்து செடிக்குக் குடுக்கற கிருமி, ரைசோபியம்னு பேரு, அந்த முடிச்சுக்குள்ளதான் இருக்கும். முடிச்சை நகத்தால கிள்ளுங்க. உள்ள ரோஸ் கலர்ல ரத்தம் மாதிரி இருந்தா வேலை செய்யுது, வெள்ளையா இருந்தா இன்னும் ஆரம்பிக்கல, இல்லன்னா வேலை செய்யல, பச்சையாவோ பழுப்பாவோ இருந்தா அதோட வேலை முடிஞ்சது.

*20 நாள் செடியா?* இன்னும் ரெண்டு வாரம் விட்டுப் பாருங்க, அவசரம் வேணாம்.

*செடி கரும்பச்சையா கொழுத்து நிக்குது, முடிச்சு மட்டும் இல்லியா?* தழைச்சத்து அதிகம். பள்ளிகொண்டா பக்கத்துல எங்க சித்தப்பா நிலத்துல இதேதான்.

"சித்தப்பா, விதைக்கும்போது இன்னா போட்டீங்க?"

"டிஏபி ஒரு மூட்டை போட்டேன் பா, கூடவே பச்சை பிடிக்கட்டும்னு யூரியா ஒரு மூட்டை."

"ஒரு ஏக்கருக்கா?"

"ஆமா, ஏன், கம்மியா?"

கணக்கு பாருங்க. 50 கிலோ டிஏபியில 9 கிலோ தழைச்சத்து, யூரியாவுல 21, மொத்தம் 30. இறவை மல்லாட்டைக்கு ஏக்கருக்கு 10 கிலோவே போதும்னு சிபாரிசு, அதாவது அந்த டிஏபியே ஏறக்குறைய முழுசா குடுத்துடுச்சு. சோறு தட்டுல வச்சிருக்கும்போது செடி எதுக்கு கிருமிக்கு சர்க்கரை குடுத்து காத்துலேர்ந்து தழைச்சத்து எடுக்கச் சொல்லும்? முடிச்சே போடாது. இந்தப் பருவத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது, இதுக்கு மேல யூரியா போடாம இருந்தாலே போதும். மண் அணைக்கும்போது போடற ஜிப்சத்தை விட்டுடாதீங்க, அது வேற சங்கதி, காய்க்கு வேணும்.

*செடியும் வெளிறி, முடிச்சும் இல்லியா?* விதை நேர்த்தி எப்படி பண்ணீங்கன்னு யோசிங்க. மல்லாட்டை, காராமணி, உளுந்து எல்லாத்துக்கும் முடிச்சு போடற கிருமி ஒரே கூட்டம்தான், அதனால இதெல்லாம் பயிர் பண்ணிகினே வந்த நிலத்துல கொஞ்சம் இருக்கவே செய்யும். முன்ன பின்ன பயறு வகையே போடாத நிலம்னா ரைசோபியம் கலந்தே ஆகணும். நடக்கற தப்பு என்னன்னா பூஞ்சாண மருந்தும் ரைசோபியமும் ஒரே நேரத்துல ஒரே சாக்குல போட்டுக் குலுக்கறது. மருந்து கிருமியையும் சேத்துக் கொன்னுடும். மருந்து கலந்தா அன்னிக்கு விட்டுட்டு மறுநாள் ரைசோபியத்தை ஆறின கஞ்சியில குழைச்சுக் கலந்து, நிழல்ல உலத்தி, அன்னிக்கே விதைச்சுடுங்க. பாக்கெட்டோட கடைசித் தேதியைப் பாருங்க. தகரக் கூரைக்குக் கீழ கோடை முழுக்கக் கிடந்த பாக்கெட்டை நான் வாங்கறது இல்ல, அதுல இருக்கறது உயிர், நம்ம ஊர் வெயில்ல வெந்துடும்.

*வேரே வீங்கி கணுக்கணுவா இருக்கா?* முடிச்சுன்னு சந்தோஷப்படாதீங்க. நல்ல முடிச்சு வேருக்குப் பக்கத்துல மணி மாதிரி ஒட்டியிருக்கும், தட்டினா தனியா வந்துடும். நூற்புழு வீக்கம் வேரோட வேரா இருக்கும், பிரிக்க முடியாது. இது வந்தா நீங்களா எதுவும் ஊத்தாதீங்க, வேரையும் மண்ணையும் ஈரம் காயாம பாலித்தீன் கவர்ல போட்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துகினு போங்க.

அறிகுறி 3: எரு போட்ட பிறகு பயிர் நல்லா வரணுமே, மஞ்சளாவுதே

இது மூணு விதம்.

*கீழ் இலை மொதல்ல மஞ்சளாவுது, நுனி கருகல, நிலம் முழுக்க ஒரே மாதிரி.* மண்ணைத் தோண்டுங்க. வைக்கோல், மரத்தூள், தேங்காய் நார்க்கழிவு, கரும்புத் தோகை இப்படி எதாவது அப்படியே தெரியுதா? அதான். மக்காத குப்பையைத் தின்ன நுண்ணுயிர் பெருகும், அதுங்களுக்கும் தழைச்சத்து வேணும், மண்ணுல இருக்கறதை எடுத்துக்கும், பயிருக்கு மிச்சம் இருக்காது. மண்ணுல உயிர் இல்லாம வர்ற மஞ்சள் இல்ல இது, உயிர் பசியோட வேலை செய்யறதால வர்றது. 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம் யூரியா கரைச்சு சாயங்காலம் இலை மேல அடிங்க, ஒரு வாரம் கழிச்சு தேவைன்னா இன்னொரு வாட்டி. நாலஞ்சு வாரத்துல அதுங்க எடுத்தது மெல்லத் திரும்பி வர ஆரம்பிக்கும். அடுத்த வாட்டி அந்தக் குப்பையை நிலத்துக்குக் கொண்டு போறதுக்கு முன்ன சாணி கலந்து குழியில மக்க வைங்க.

*இலை நுனி கருகுது, நாத்து சாயுது, கிட்ட போனா காரமா வாடை.* இன்னும் மக்காத பச்சை எரு, பெரும்பாலும் கோழி எரு. எனக்கு நடந்தது இது. ஒரு லோடு கோழி எரு, ஆறு மாசம் மக்கினதுன்னு சொல்லி இறக்கினாங்க. மேல தொட்டா காஞ்சு பொடியா இருந்தது, நானும் நம்பிட்டேன், நடுவுல கை விட்டுப் பாக்கல. எங்க அம்மா இலவம்பாடி முள்ளுக் கத்திரி விதை எடுத்து வச்சு, நாத்து விட்டு, தினம் ரெண்டு வேளை தண்ணி தெளிச்சு வளத்தது. நட்டு அஞ்சாம் நாள் வரிசை வரிசையா வெந்து கிடந்தது. அம்மா ஒண்ணும் சொல்லல, செத்த செடியெல்லாம் பிடுங்கி வரப்புல அடுக்கினாங்க. அதுக்கப்புறம்தான் நான் எந்த எருவையும் சோதிக்காம நிலத்துல விடறதே இல்ல.

சோதனை ரொம்ப சுலபம். கம்பியைக் குவியலோட நடுவுல குத்தி அஞ்சு நிமிஷம் விட்டு எடுங்க. கம்பி கையில சுட்டா இன்னும் மக்குது, வேணாம். ஒரு பிடி எடுத்துப் பிழிங்க, ஒண்ணு ரெண்டு சொட்டு வந்தா சரியான ஈரம், ஓடினா அதிகம், உதிர்ந்தா காஞ்சு போய் மக்கறதே நின்னிருக்கு (என் லோடுக்கு இதான் நடந்தது, மேல காஞ்சதை மக்கினதுன்னு நெனைச்சேன்). கடைசியா ஒரு தேங்காய்த் தொட்டியில பாதி எரு பாதி மண்ணு கலந்து பத்து கீரை விதை போடுங்க, பக்கத்துல வெறும் மண்ணுல பத்து. ஒரு வாரத்துல ரெண்டும் ஒரே மாதிரி முளைச்சா நிலத்துக்குப் போகலாம்.

ஏற்கனவே போட்டுட்டீங்கன்னா நல்லா தண்ணி விட்டு வடிய விடுங்க, ரெண்டு மூணு வாரம் ஒண்ணும் நடாதீங்க. யூரியா பக்கமே போகாதீங்க.

*அங்கங்க மட்டும் வட்டமா கொழுத்து, மீதி இடம் வெளிறி.* குப்பை அடிச்சு குவியல் குவியலா கொட்டி மாசக்கணக்குல வெயில்ல விட்டிருப்பீங்க. கரைஞ்சு இறங்கின சத்து குவியல் இருந்த இடத்துல, மீதி காத்துல. குப்பை அடிச்ச அன்னிக்கே, மிஞ்சினா மறுநாளே இறைச்சு உழுதுடணும்.

அறிகுறி 4: டிஏபி பருவத்துக்குப் பருவம் போட்டும் பயிர் நகரல

காய்கறி நிலத்துலதான் இது அதிகம். டிஏபியில அதிகம் இருக்கறது மணிச்சத்து (பாஸ்பரஸ்). மண் பரிசோதனை அட்டையை எடுத்து அது எவ்ளோன்னு பாருங்க, எக்டருக்கு 22 கிலோவுக்கு மேல இருந்தாலே அதிகம்னு போட்டிருக்கும். மண்ணுல மணிச்சத்து கொட்டிக் கிடந்தா வேர்கூட சேந்து வாழற வேம் (VAM) பூஞ்சைக்கு செடி தீனி குடுக்காது, அந்தப் பூஞ்சை குறையும், அது தேடிக் கொண்டாந்து குடுத்துகினு இருந்த துத்தநாகமும் குறையும். புது இலை சிறுத்து, நரம்புக்கு நடுவுல வெளிறும். கடைக்காரர் இன்னொரு மூட்டை சொல்லுவார், வாங்காதீங்க. ஒரு பருவம் டிஏபியை முழுசா நிறுத்துங்க, எருவுல பாஸ்போபாக்டீரியா (மண்ணுல கட்டிக் கிடக்கற மணிச்சத்தைக் கரைச்சுக் குடுக்கற கிருமி) கலந்து போடுங்க. அட்டை இல்லன்னா பரிசோதனை பண்ணாம நிறுத்தவும் வேணாம், குறைவா இருந்தா அது வேற கதை.

உயிர் உரம் எதுவா இருந்தாலும் ரசாயன உரத்தோட ஒரே கூடையில கலக்காதீங்க, ஒரு வாரம் இடைவெளி விடுங்க.

அறிகுறி 5: கழனியில கால் வச்சா முட்டை அழுகின வாடை, நாத்து வேர் கருப்பு

தக்கைப்பூண்டோ தழையோ மடக்கி உழுத உடனே நட்டிருப்பீங்க. காத்து இல்லாத சேத்துல அது அழுகும்போது வர்ற வாயு வேரை மூச்சுத் திணற வைக்குது. தண்ணியை வடிச்சு மயிரிழை வெடிப்பு வர்ற வரைக்கும் காய விடுங்க, வெள்ளை வேர் புதுசா வரும். அது வந்ததும் தண்ணி கட்டி அப்புறம் உரம். அதுக்கு முன்ன யூரியா போட்டா வீண். அடுத்த வாட்டி மடக்கி உழுது பத்து பதினஞ்சு நாள் விட்டு நடுங்க.

அறிகுறி 6: எருவோட வெள்ளைப்புழுவும் கரையானும் வந்துடுச்சு

குழியில கட்டை விரல் தடிப்புல பெரிய புழு கிடந்தா அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டோட புழு. அது குப்பையைத்தான் தின்னும், மல்லாட்டை வேரைத் தின்னாது, ஆனா வண்டானதும் தென்னங்குருத்தைத் துளைக்கும். தென்னை இருக்கறவங்க குழியைக் கிளறி பொறுக்கிடுங்க, கோழியை விட்டாலும் சரி, அந்தப் புழுவைக் கொல்ற மெட்டாரைசியம் பூஞ்சை கலந்தாலும் சரி. நிலத்துல வாடின செடியைப் பிடுங்கினா வேரே இல்ல, கீழ சி எழுத்து மாதிரி சுருண்ட சின்னப் புழு இருக்குன்னா அது வேர்ப்புழு, அதுதான் ஆபத்து. கோடை உழவு போட்டுட்டா கொக்கும் காக்காவும் பொறுக்கிடும். நெறைய செடி சாயுதுன்னா வேளாண் விரிவாக்க மையத்துல காட்டுங்க. கரையான் காஞ்ச, மக்காத குப்பைக்கு வருது. ஈரமா மக்கின எருவுல நான் பாத்தது குறைவு.

அறிகுறி 7: மேல வெள்ளை பூக்குது, மழை பேஞ்சா பிசின், காஞ்சா பாறை

இதுக்குத்தான் செலவு அதிகம், அதனாலதான் கடைசியில வச்சேன். உரமா எருவான்னு பாக்கறதுக்கு முன்ன கிணத்துத் தண்ணியை வாயில வச்சுப் பாருங்க. பாலாத்தங்கரையில வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் தோல் கழிவால தண்ணியும் நிலமும் கெட்டது ஊருக்கே தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்குல உச்ச நீதிமன்றம் 1996ல தீர்ப்பு குடுத்த விஷயம் அது. அந்த மாதிரி தண்ணி பாயற நிலத்துல எவ்ளோ எரு கொட்டினாலும் புழு நிக்காது, உப்பு அதுங்க உடம்புத் தண்ணியையே இழுத்துடும். ஜீவாமிர்தம் (சாணி, கோமியம், வெல்லம் எல்லாம் கலந்து புளிக்க வச்ச கரைசல்) ஊத்தினா சரியாகும்னு நம்பி வருஷத்தைக் கழிச்சவங்களைப் பாத்து மனசு கஷ்டமா இருக்கு. ஜீவாமிர்தம் நல்லதுதான், ஆனா அது உப்பை எடுக்காது.

தண்ணி நல்லா இருந்தும் வெள்ளை பூக்குதுன்னா வடிகால் இருக்கான்னு பாருங்க, வருஷா வருஷம் கோழி எருவும் பொட்டாஷும் அளவில்லாம போட்டீங்களான்னு பாருங்க. அப்புறம் மண்ணையும் தண்ணியையும் பரிசோதனைக்குக் குடுங்க. ஈசி (உப்போட அளவு) 1க்குக் கீழ, பிஹெச் (அமிலமா காரமான்னு சொல்ற அளவு) 6.5லேர்ந்து 7.5க்குள்ள இருந்தா உப்பு காரணம் இல்ல, அறிகுறி 1க்குத் திரும்புங்க. பிஹெச் 8.5 தாண்டினா களர், அதாவது சோடியம் ஏறின கார மண்ணு, ஜிப்சம் எவ்ளோன்னு அவங்க கணக்கு போட்டுக் குடுக்கணும், நீங்களா மூட்டை வாங்காதீங்க. உப்பு மட்டும் அதிகம், பிஹெச் சாதாரணம்னா ஜிப்சம் வேஸ்ட், நல்ல தண்ணி விட்டுக் கழுவி வடிக்கணும். 5.5க்குக் கீழ போன செவல் மண்ணு, அமோனியம் சல்பேட் வருஷக்கணக்கா போட்ட இடத்துல இப்படி ஆகும், சுண்ணாம்பு கேக்கும், அதுவும் அளவு கேட்டுத்தான். போன்ல கேக்கணும்னா உழவர் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல.

மண் எடுக்கறதுல தப்பு பண்ணா எல்லா கணக்கும் தப்பாகும். உரம் போட்ட சூட்டோட எடுக்காதீங்க. வரப்பு, மர நிழல், குப்பை கொட்டின இடம் விட்டுட்டு, வளைஞ்சு வளைஞ்சு நடந்து பத்து பதினஞ்சு இடத்துல மேல இருக்கற சருகை ஒதுக்கி, வி மாதிரி முக்கா அடிக்குள்ள வெட்டி, ஓரத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே தடிப்புல சீவி எடுங்க. எல்லாத்தையும் கலந்து நாலா பிரிச்சு எதிரெதிர் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வர்ற வரைக்கும் இப்படியே குறைங்க, நிழல்ல உலத்துங்க. துணிப்பையில போட்டு எடுத்துகினு போங்க. பழைய யூரியா சாக்குல மட்டும் கட்டிகினு போகாதீங்க, எங்க மாமா ஒருத்தர் அப்படிப் போய் தழைச்சத்து நிறைய இருக்குன்னு ரிப்போர்ட் வாங்கி வந்து, அந்த வருஷம் நெல்லுக்கு மேலுரமே போடாம விட்டுட்டாரு.